கால் சொன்ன பாடம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில், மரதன் தூரம் நடந்த இளைஞர் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இம்மேடையிலே ஆண்டுதோறும் ஆழ்ந்த பொருள்கள் பல பேசப்பட்டு வந்துள்ளன. இன்று நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. ஒரு விரல் நுனியால் மறைத்துவிடக் கூடியது. உள்ளங்காலில் எழுகின்ற கொப்புளமே அது. தலைப்பைக் கேட்டவுடன் பின் வரிசையில் இருக்கும் தம்பிமார் சிரிக்கின்றார்கள். நாங்களும் சென்ற ஆண்டு அப்படித்தான் சிரித்தோம். அச்சிரிப்புக்கு நாங்கள் கொடுத்த விலையையும், அதனாற் பெற்ற பயனையும் மறைக்காமற் சொல்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

சென்ற ஆண்டு விழா முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையிலே எம்மில் ஒருவர், "அடுத்த ஆண்டுக்குள் நாங்கள் எல்லாரும் ஒரு மரதன் தூரம் நடந்து முடிக்க வேண்டும்" என்றார். ஓடுவதற்கு எல்லாராலும் இயலாது. நடப்பதற்கு என்ன தடை? அக்கணமே எட்டுப் பேர் கை உயர்த்தினோம். எழுவர் இருபது வயதைச் சற்றுத் தாண்டிய இளைஞர்கள். எட்டாமவர் எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரை நாங்கள் மாஸ்ரர் என்றே அழைப்போம். அவர் இன்று முன் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவரைப் பற்றி நாங்கள் சொல்லப் போவதெல்லாம் அவருடைய அனுமதியுடனேயே சொல்கின்றோம்.

எங்களிற் பலர் மிஷன் பாடசாலைகளிற் படித்தவர்கள். அங்கே ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னதாக வீதியிலே ஓர் ஓட்டம் நடைபெறும். சில கிலோமீற்றர் தூரமே கொண்ட அவ்வோட்டத்துக்கு மரதன் என்று பெயர். ஆதலால் மரதன் என்பது காலை உணவுக்கு முன் முடிந்துவிடும் காரியம் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். உண்மை அப்படியன்று.

கி.மு. 490 ஆம் ஆண்டில் மரதன் என்னும் களத்திலே கிரேக்கர் பாரசீகரை வென்றனர். அவ்வெற்றிச் செய்தியை அதென்ஸ் நகருக்கு ஒரு வீரன் ஓடிச் சென்று அறிவித்து உயிர் நீத்தான் என்பது வழிவழி வந்த கதை. அக்கதையை நினைவுகூர்ந்தே 1896 இல் அதென்ஸில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவில் மரதன் ஓட்டம் வைக்கப்பட்டது. அன்று தூரம் ஏறக்குறைய 40 கிலோமீற்றர். ஸ்பிரிடோன் லூயிஸ் என்னும் கிரேக்கர் வென்றார். 1908 இல் இலண்டன் ஒலிம்பிக்கிலே தூரம் 26 மைல் 385 யார் ஆயிற்று. அதுவே 42.195 கிலோமீற்றர். 1921 இல் அது நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மணிக்கு 5 கிலோமீற்றர் வீதம் எங்கும் நில்லாது நடப்பவனுக்கு இத்தூரத்தைக் கடக்க எட்டு மணியும் இருபத்தாறு நிமிடமும் வேண்டும். ஓர் அடி 70 சென்ரிமீற்றர் எனக் கொண்டால் 60,000 அடிகள். அதாவது ஒவ்வொரு பாதமும் 30,000 தடவை நிலத்தை மிதித்து எழ வேண்டும். ஒரு தடவை உராய்ந்தால் ஒன்றும் நேராது. முப்பதினாயிரம் தடவை உராய்ந்தால் நேருவதைப் பற்றியே நாங்கள் பேச வந்தோம்.

எங்கள் முயற்சியைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர் புன்னகையோடு, "தம்பியவை, உதுக்கு ஒரு பயிற்சியோ? எங்கடை அப்பு செருப்பில்லாமல் கதிர்காமம் நடந்து போனவர்" என்றார். அவர் சொல்லியது பொய்யன்று. செல்வச் சந்நிதியிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாய் இறங்கி, குமண, யால காடுகளினூடே கதிர்காமம் சேரும் பாதயாத்திரை 500 கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. ஆனால் அவ்வடியார்கள் அத்தூரத்தை ஒரே மூச்சில் நடப்பதில்லை. பல வாரங்களுக்குப் பகிர்ந்து, நிழலிலே தங்கித் தங்கி நடக்கின்றார்கள். மேலும், பிள்ளைப் பருவந்தொட்டு வெறுங்காலோடு வயலிலும் மணலிலும் திரிந்தவரின் பாதத்தோல் தடித்து உரமேறியிருந்தது. 1960 இல் உரோமாபுரி ஒலிம்பிக்கிலே வெறுங்காலோடு ஓடி மரதனை வென்ற எதியோப்பிய வீரர் அபேபே பிக்கிலாவின் பாதமும் அப்படிப்பட்டதே. எங்கள் பாதங்களோ சப்பாத்துக்குள்ளே வளர்ந்தவை. அப்புவின் கால்களைப் பேரன் சொத்தாகப் பெற முடியாது. ஒவ்வொருவரும் தத்தம் கால்களைத் தாமே பழக்கிக்கொள்ள வேண்டும். இதனை அன்று நாங்கள் அறியவில்லை.

அறியாமையாற் செய்த பிழைகளை வரிசையாகச் சொல்லுகின்றோம். முதலாவது, ஆறே கிழமைகளிற் பயிற்சியை முடித்துவிடலாம் என எண்ணினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை 8 கிலோமீற்றர் நடந்தவர்கள் மறு ஞாயிறு 20 கிலோமீற்றருக்குத் தாவினோம். இரண்டாவது, எம்மில் இருவர் நடைக்கு முந்திய கிழமையிலேயே புதுச் சப்பாத்து வாங்கினார்கள். ஒருவர் தமையனாரின் சப்பாத்தை இரவல் பெற்றார். மூன்றாவது, பாடசாலைக்கு அணிந்த பருத்திக் காலுறையே போதுமென்றிருந்தோம். நான்காவது பிழையே பெரும் பிழை. நோவைச் சொல்லுவது கோழைத்தனம் என்று எண்ணினோம்.

குறித்த நாளிலே அதிகாலை மூன்றரை மணிக்கு நல்லூரிலிருந்து புறப்பட்டோம். கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை வழியாகக் கீரிமலை சென்று அவ்வழியே திரும்பினால் ஏறக்குறைய 36 கிலோமீற்றர். பின் நல்லூரிலிருந்து கோட்டை வரை போய் வந்தால் மீதித் தூரமும் நிறைந்துவிடும் என்பது எங்கள் கணக்கு. போகும்போது பாட்டும் பகிடியுமாகச் சென்றோம். விடிந்தபின் கீரிமலையை அடைந்தோம். கால்கள் கனன்றன. கேணியைக் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது? சப்பாத்தைக் கழற்றி, கால்களை நீரிலே அரை மணி நேரம் ஊறவிட்டோம். ஈரம் துவட்டாமல், வியர்வையில் நனைந்திருந்த அதே காலுறைகளை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தோம். தீர்த்தத்திலே குற்றமில்லை. ஈரக் காலைச் சப்பாத்துக்குள் அடைத்த எங்கள் அறிவிலேதான் குற்றம்.

தெல்லிப்பழை தாண்டுமுன்னரே பாட்டு நின்றது. மல்லாகத்திலே பகிடியும் நின்றது. சுன்னாகம் சந்தைக்கு அண்மையில், 26 ஆவது கிலோமீற்றர் அளவிலே, எம்மில் ஒருவர் வீதியோரத்தில் இருந்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றியபோது குதிக்காலிலே காலுறை இரத்தத்தோடு ஒட்டியிருந்தது. போகும் வழியிலேயே சுடத் தொடங்கியதாம்! ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "கை உயர்த்தின முதல் ஆள் நான். நானே எப்படிச் சொல்லுறது?" என்றார். அன்றைய நடை அவ்விடத்திலேயே முடிந்தது. பேருந்திலே வீடு திரும்பினோம்.

கதை அத்துடன் முடியவில்லை. வீடு சென்ற நண்பர் கொப்புளத்தின் மேற்றோலை முழுதாக உரித்தெறிந்துவிட்டு, மூடாமல் திறந்துவிட்டார். மறுநாளும் அதே காலோடு விரிவுரைக்குச் சென்றார். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. கணுக்காலிலிருந்து முழங்கால் நோக்கிச் செங்கோடு ஒன்று ஏறியது. ஆசுபத்திரியில் ஆறு நாள் கிடந்தார். அந்த ஆறு நாளுக்குள்ளே அவருடைய பரீட்சை ஒன்றும் போய்விட்டது. பார்க்கச் சென்ற எங்களை அவருடைய தாயார் கடிந்துகொள்ளவில்லை. ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"பிள்ளையள், நடக்கிறது நல்லதுதான். ஆனால் அந்த வழி முழுக்க, 'நோகுது' எண்டு சொல்ல உங்களிலை ஒருத்தருக்கும் வாய் இல்லாமல் போச்சோ?"

அக்கேள்விக்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. ஏனெனில் அன்று வாய் மூடியிருந்தவர் அவருடைய மகன் மட்டுமல்லர். எட்டுப் பேரின் கால்களிலும் கொப்புளம் இருந்தது. எட்டுப் பேருமே சொல்லவில்லை.

பெரியோர்களே, கொப்புளத்தாற் காய்ச்சலோ என்று யாரேனும் ஐயுறலாம். ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாக இருந்த கல்வின் கூலிட்ஜ் அவர்களின் இளைய மகன், பதினாறு வயதினன், 1924 ஆம் ஆண்டிலே வெள்ளை மாளிகையின் ஆடுகளத்தில் காலுறை அணியாது ரெனிஸ் ஆடினான். கால்விரலில் ஒரு கொப்புளம் எழுந்தது. அதனூடே நச்சுக்கிருமி இரத்தத்திற் கலந்தது. ஒரு வார காலத்துள், யூலை 7 ஆம் திகதி, அப்பிள்ளை இறந்தான். ஒரு பெரிய நாட்டின் தலைவருடைய மகனுக்கு அன்று உலகில் இருந்த வைத்தியமெல்லாம் கிடைத்தன. ஆனால் பெனிசிலின் கண்டறியப்பட்டதே 1928 இலேதான். இன்று மருந்து உண்டு. ஆதலால் எங்கள் நண்பர் இதோ இங்கே இருக்கின்றார். மருந்து உண்டென்பதற்காகக் கவனயீனத்துக்கு உரிமை உண்டென்று ஆகாது.

நண்பர் தேறியபின் மீண்டும் கூடினோம். இம்முறை நடப்பதற்கு முன் படித்தோம். வைத்தியர்களையும் தாதியர்களையும் கேட்டோம். கொப்புளம் எப்படி எழுகின்றது என்பதை அறிந்தபோது வியப்புற்றோம். தோல் தேய்வதனால் அது எழுகின்றது என்று நினைத்திருந்தோம். உண்மை அதுவன்று. நடக்கும்போது பாதத்தின் எலும்பு முன்னும் பின்னும் அசைகின்றது. மேற்றோலோ காலுறையோடு ஒட்டிக்கொண்டு அவ்விடத்திலேயே நிற்கின்றது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட தோலின் உட்படைகள் இழுபடுகின்றன. அந்த இழுவை ஆயிரக்கணக்கான தடவை நேரும்போது உட்படை கிழிந்து, அவ்வெளியிலே நீர் வந்து நிறைகின்றது. மெல்லிய தோல் உள்ள இடத்திலே உராய்வு சிராய்ப்பாகும். உள்ளங்கை உள்ளங்கால் போன்ற தடித்த தோலிலேதான் அது கொப்புளமாகும். ஈரம் பட்ட தோல் காலுறையோடு மேலும் இறுக ஒட்டும். கீரிமலையிலிருந்து திரும்பிய எங்களுக்கு நேர்ந்தது இதுவே.

காரணம் தெரிந்தால் காவலும் தெரியும். நாங்கள் கைக்கொண்டவற்றை, பயன் கண்ட வரிசையிலே கூறுகின்றோம்.

முதலாவது காவல் பொறுமை. இரண்டாம் முறை இருபது கிழமைகளை ஒதுக்கினோம். கிழமை நாட்களில் மூன்று சிறு நடைகள், ஞாயிறு தோறும் ஒரு நெடுநடை. நெடுநடையின் தூரத்தைக் கிழமைக்குக் கிழமை பத்திலொரு பங்களவே கூட்டினோம். நான்கு கிழமைக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுத்தோம். 32 கிலோமீற்றர் வரை சென்றபின், பெருநடைக்கு முந்திய மூன்று கிழமையும் படிப்படியாகக் குறைத்தோம். இப்படி நடக்கையிலே தசை மட்டுமன்று, தோலும் பழகுகின்றது. அளவறிந்த உராய்வைத் தோல் எதிர்கொண்டு தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ளும். அளவு மீறினாற் கிழியும்.

இரண்டாவது, சப்பாத்து. நாள் முழுதும் நின்று நடந்த கால் மாலையிலே சற்று வீங்கியிருக்கும். ஆதலால் சப்பாத்தை மாலையிலே வாங்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடம் இருத்தல் வேண்டும்; ஆனால் குதிக்கால் உள்ளே வழுக்கக் கூடாது. பெருநடைக்கு அணியும் சப்பாத்தைப் பல நெடுநடைகளில் அணிந்து பழகியிருக்க வேண்டும்.

மூன்றாவது, காலுறை. பருத்தி வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கம்பளி நூலாலோ செயற்கை நூலாலோ செய்தவை ஈரத்தை வெளியே கடத்தும். சிலர் மெல்லிய காலுறை ஒன்றின் மேல் மற்றொன்றை அணிந்தார்கள். உராய்வு அப்போது தோலில் நிகழாமல் இரண்டு காலுறைகளுக்கு இடையிலே நிகழும். எங்கள் வெக்கையிலே ஒரு சோடி காலுறை 10 கிலோமீற்றருக்கு மேல் உலர்ந்திராது. மாற்றுச் சோடிகளைப் பையிலே கொண்டு சென்றோம்.

நான்காவது, ஒட்டுத்தாள். மருந்துக் கடையிலே மலிவாகக் கிடைக்கும் மெல்லிய கடதாசிப் பிளாஸ்ரரைப் பற்றி 2016 இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 250 கிலோமீற்றர் பாலைவன ஓட்டங்களிற் பங்குகொண்ட 128 பேரின் கால்களிலே, கொப்புளம் எழக்கூடிய இடங்களில் ஓடுமுன்னரே அதனை ஒட்டிப் பார்த்தனர். கொப்புளங்கள் 40 சதவீதம் குறைந்தன. நாங்களும் குதிக்காலிலும் பெருவிரலோரத்திலும் அதனை ஒட்டிக்கொண்டோம். வசிலீன் பூசியவர்களும் உண்டு. ஆனால் அது தொடக்கத்தில் வழுக்கச் செய்து, சில மணி நேரத்தின்பின் தோலை மென்மையாக்கி உராய்வைக் கூட்டிவிடும். பூசினால் இடையிடையே மீண்டும் பூச வேண்டும்.

இவையெல்லாம் செய்தும் கொப்புளம் எழுந்தால்? எழுமுன் அது ஓர் அறிகுறி காட்டும். ஓரிடம் சுடும். அதுவே நிற்க வேண்டிய நேரம். அப்போதே நின்று, காலை உலர்த்தி, அவ்விடத்தை மூடிவிட்டால் பத்துக்கு ஒன்பது முறை நடை தடைப்படாது என்பது எங்கள் அனுபவம். கொப்புளம் எழுந்துவிட்டால், சிறியதாயின் அதனைத் தொடாமல் மூடிவிடுக. பெரிதாகி, மிதிக்க முடியாதபடி நீர் கட்டியிருந்தால், கைகளையும் காலையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஸ்பிரிற்றாலே துடைத்த ஊசியினால் ஓரத்திலே குத்தி, நீரை மெல்ல வெளியேற்றுக. மேற்றோலை ஒருபோதும் உரிக்கலாகாது. அத்தோலே புண்ணுக்குக் கூரை. அதன் கீழே உடம்பு தானே வேலையைத் தொடங்கிவிடுகின்றது. ஐந்து நாளளவில் புதிய மேற்றோல் உருவாகிவிடும். ஊசியிலே நூல் கோத்துக் கொப்புளத்தினூடே விட்டுவைக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அந்நூல் வழியே நீர் வெளியேறும். கிருமியும் உள்ளே செல்லும். அதனை விட்டொழிப்பது நன்று. செம்மை பரவினாலோ, சீழ் கண்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, செங்கோடு ஏறினாலோ கைமருந்து தேடி நேரம் போக்காது ஆசுபத்திரிக்குச் செல்லுக.

இனி மாஸ்ரரின் கதைக்கு வருகின்றோம்.

அந்தத் தாயார் கேட்ட கேள்விக்குப் பின் எங்களுக்குள்ளே ஒரு விதி செய்தோம். 5 கிலோமீற்றருக்கு ஒருமுறை எல்லாரும் நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் சப்பாத்தைக் கழற்றித் தம் காலைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட வேண்டும். யாரேனும் "நோகுது" என்றால் எல்லாரும் நிற்க வேண்டும். மாஸ்ரர் எங்களோடு சிறு நடைகளுக்கு மட்டும் வருவார். ஒரு மாலை கோண்டாவிலில் ஒரு வேலியோரம் நின்றோம். மாஸ்ரர், "எனக்கு ஒண்டுமில்லை, நீங்கள் பாருங்கோ" என்றார். விதி விதிதானே ஐயா என்று சொல்லி, எங்களிற் சின்னவர் அவருடைய காலுறையைக் கழற்றினார். உள்ளங்காலிலே பழைய ஒரு ரூபாய்க் காசளவு கொப்புளம் உடைந்து தசை தெரிந்தது. சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினோம். புளியங்கொட்டையிற் பாதியளவு கல்லொன்று விழுந்தது. அக்கல்லின் மேல் அவர் 5 கிலோமீற்றர் நடந்திருக்கின்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

மாஸ்ரருக்கு நீண்ட காலமாக நீரிழிவு. அந்நோய் நாட்பட்டால் கால்களின் நரம்பு மரத்துப் போகும், இரத்தவோட்டமும் குறையும். புண் வந்தது தெரியாது. வந்த புண் இலகுவில் ஆறாது. காலை இழந்தவர்களிற் பலருக்கு அழிவு தொடங்கியது இத்தகைய ஒரு சிறு காயத்திலேதான். மறுநாட் காலையிலேயே அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். அப்புண் ஆற ஏழு கிழமை சென்றது. கால் தப்பியது.

அன்று வேலியோரத்திலே, தம் காலைப் பார்த்தவாறு மாஸ்ரர் சொன்ன வார்த்தை இது: "தம்பியவை, உங்களுக்கு நோகுது எண்டால் அது பாக்கியம். எனக்கு அந்த மணி அடிக்கிறதில்லை."

சகோதரர்களே, அதுவரை நோவைப் பொறுப்பதே வீரம் என்று நினைத்திருந்தோம். சமயப் பெரியோர் உடலை வருத்தித் தவம் செய்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மிஷன் பாடசாலையின் விளையாட்டு மைதானமும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடென்றே எங்களுக்குக் கற்பித்தது. இரண்டையும் நாங்கள் பிழையாக விளங்கிக்கொண்டோம். களைப்பைப் பொறுக்க வேண்டும். சோம்பலை வெல்ல வேண்டும். வெயிலையும் பசியையும் தாங்கப் பழக வேண்டும். ஆனால் காயத்தின் நோவு எதிரியன்று, அது வாயிற்காவலன். காவலன் கூப்பிடும்போது காதைப் பொத்துகின்றவன் வீரனல்லன். அக்காவலனை இழந்த ஒருவர், தமக்கு அவன் மீண்டும் கிடைக்கமாட்டானா என ஏங்கியதை நாங்கள் எங்கள் கண்ணாற் கண்டோம்.

இருபது கிழமை கழிந்தது. மீண்டும் ஒரு ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு எழுவர் நல்லூரிலிருந்து புறப்பட்டோம். மாஸ்ரர் முச்சக்கரவண்டி ஒன்றிலே தண்ணீர், மோர், வாழைப்பழம், உப்பிட்ட தேசிக்காய்ச் சாறு, உலர்ந்த காலுறைகள் முதலியவற்றோடு எங்கள் பின்னே வந்தார். 5 கிலோமீற்றருக்கு ஒருமுறை அவர் இறங்கி வந்து, பரீட்சைத் தாள் திருத்துபவர் போல ஒவ்வொரு காலாகப் பார்த்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். கீரிமலையிலே கேணியைத் தூரத்தில் நின்றே வணங்கினோம். காலுறை மாற்றிக்கொண்டு திரும்பினோம். வெயில் ஏறியபின் வேகத்தைக் குறைத்தோம். தாகத்துக்கு அளவாகக் குடித்தோம். வயிறு முட்ட வெறுந்தண்ணீர் குடிப்பதும் உடம்பின் உப்பைக் குலைத்துத் தீங்கு செய்யும் என்பதை முன்னரே அறிந்திருந்தோம்.

இணுவிலிலே ஒருவருக்கு முழங்கால் பிடித்தது. சொன்னார், நின்றோம், அவர் மாஸ்ரரோடு வண்டியில் ஏறினார். அறுவர் நல்லூரைக் கடந்து கோட்டையை நோக்கினோம். பொது நூலகத்தருகே, ஏறத்தாழ 39 ஆவது கிலோமீற்றரில், முன்னர் ஆசுபத்திரியிற் கிடந்த நண்பர் நின்றார். இன்னும் மூன்று கிலோமீற்றரே இருந்தது. அவர் சொன்னார்: "நோகுது. பழைய இடம்."

யாரும் அவரை வற்புறுத்தவில்லை. சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தோம். பழைய தழும்பின் மேலே தோல் சிவந்திருந்தது, இன்னும் கிழியவில்லை. மாஸ்ரர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நண்பர் வண்டியில் ஏறினார். அவர் கண் கலங்கியதைக் கண்டோம். ஐவர் மீதித் தூரத்தையும் நடந்தோம். அளவிற் குறைந்த சில நூறு மீற்றரை நல்லூர் வீதியைச் சுற்றி நிறைவு செய்தோம். நின்ற நேரம் உட்பட ஒன்பது மணியும் பன்னிரண்டு நிமிடமும் சென்றன.

அன்று மாலை மாஸ்ரரின் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தோம். ஐவரின் பெயருக்கு நேரே தூரமும் நேரமும் எழுதப்பட்டிருந்தன. நண்பரின் பெயருக்கு நேரே, "39 கிலோமீற்றர். வாய் திறந்தார். சித்தி" என்று எழுதியிருந்தார். அந்த நடையிலே அதிக தூரம் கடந்தவர் அவரே என்பது எங்கள் எல்லாரின் முடிபுமாகும். மறுநாள் அவர் தம் காலோடு விரிவுரைக்குச் சென்றார். தவறவிட்ட பரீட்சையை இவ்வாண்டு எழுதிவிட்டார்.

முடிவாக இரண்டு வேண்டுகோள்கள்.

பெரியோர்களே, உங்களில் நீரிழிவு உள்ளவர்கள் இன்றிரவே தொடங்கி, படுக்கைக்குப் போகுமுன் இரண்டு பாதங்களையும் வெளிச்சத்திற் பாருங்கள். குனிய இயலாவிடில் நிலைக்கண்ணாடியொன்றை நிலத்தில் வையுங்கள். அல்லது பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சப்பாத்தையோ செருப்பையோ அணியுமுன் தட்டிப் பாருங்கள். கொப்புளம் கண்டால் நீங்களாக ஊசி எடுக்காது வைத்தியரிடம் செல்லுங்கள்.

இளைஞர்களே, கதிர்காம யாத்திரிகர்கள் எங்கள் ஊர்களைக் கடந்து செல்லும் நாட்கள் ஆண்டுதோறும் வருகின்றன. அவர்களுக்கு அன்னமும் தண்ணீரும் கொடுக்கும் தருமம் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. சங்கம் இசையுமாயின், அடுத்த யாத்திரைக் காலத்தில் அதனோடு இன்னொன்றையும் சேர்ப்போம். தண்ணீர்ப் பந்தலின் ஓரத்திலே ஒரு வாங்கு, இரண்டு பேசின், சவர்க்காரம், சுத்தமான துவாய், பஞ்சு, துணிக்கட்டு, பிளாஸ்ரர். தாதியர் ஒருவரின் மேற்பார்வையில் நாங்கள் எழுவரும் அங்கே இருப்போம். இன்னும் பத்துப் பேர் வேண்டும். கூட்டம் முடிந்தவுடன் மாஸ்ரரின் குறிப்புப் புத்தகத்திலே பெயர் கொடுங்கள்.

வந்து இருப்பவரின் காலைக் கழுவித் துடைத்தபின், "எங்கை நோகுது?" என்று கேட்போம். அவர் "ஒண்டுமில்லைத் தம்பி" என்றுதான் சொல்லுவார். அதை நம்பி விட்டுவிடாமல் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புவோம்.